பேட்டரி வீல்சேர்: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நானும் பேட்டரி வீல்சேரில்தான் இருக்கிறேன். இவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழிலும். நாற்காலி, பேட்டரி, உட்காரும் முறை, வீட்டுக்குள் வழி என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை கால் விளங்கவில்லை. எந்தக் கம்பெனி வீல்சேர் வாங்கலாம்?

கம்பெனியைக் கடைசியில் பார்க்கலாம் தம்பி. முதலில் டேப்பை எடுங்கள். அம்மாவை உட்கார வைத்து இடுப்பு அகலம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து குதிகால் வரை என்று மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் உள்ள ஒவ்வொரு கதவு நிலையின் உள் அகலம். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் நிலை தாராளமாக இருக்கும். குளியலறைக் கதவு இரண்டடிதான் இருக்கும். மடக்கும் பேட்டரி நாற்காலிகளே பெரும்பாலும் 24 அங்குலத்தை ஒட்டி வருகின்றன. கதவில் நுழையாவிட்டால் நாற்காலி கூடத்தோடு நின்றுவிடும், அம்மாவைக் குளிப்பாட்டப் பழையபடி நீங்கள்தான் தூக்க வேண்டும்.

ஜாய்ஸ்டிக், அதாவது நாற்காலியை ஓட்டும் கைக்குச்சி, வலது பக்கம் இருக்கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். சாப்பிடும்போது இலையில் இடது பக்கம் வைத்ததை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறாரா? கண் நன்றாகத் தெரிந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது இந்த நோயில் உண்டு. அப்படி இருந்தால் கதவின் இடது நிலையில் இடித்துக்கொண்டே இருப்பார். தெருவில் இடப்பக்கம் வரும் பைக் அவர் கவனத்தில் படாது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் வரும் ஆள் இயக்குகிற மாதிரி நாற்காலியாகப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் நாற்காலி நாலைந்து மாதம் ஓரமாக நின்றது. இப்போது விளக்கு எரிகிறது, நகர மாட்டேன் என்கிறது.

மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள லீவரை முதலில் பாருங்கள். கையால் தள்ளுவதற்காக யாராவது அதைத் திருப்பியிருந்தால் ஜாய்ஸ்டிக்குக்கு வண்டி அசையாது. இதற்காகவே நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி என்னிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

லீவர் சரியாக இருந்தால் பேட்டரிதான். லெட் ஆசிட் பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் தங்காது. 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துத்தான் 24 வோல்ட் எடுக்கிறார்கள். முழுக்கச் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும். இனிமேல் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சார்ஜ் போடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: காது கேட்கும் கருவியில் எது நல்லது?

அது என் துறை இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: அண்ணன் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி. பகல் முழுக்க நாற்காலியில்தான். உட்காரும் இடத்தில் சிவப்பாக இருக்கிறது, வலிக்கவில்லை என்கிறார்.

தங்கச்சி, இன்றைக்கே கவனிக்க வேண்டியது இது. அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை, அதனால்தான் வலி இல்லை. சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். கொஞ்சமும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அது ஆறும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கட்டும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

டயர் டியூபை வளையமாகப் போட்டு உட்கார வைப்பது நம் ஊரில் வழக்கம். வேண்டவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு அழுத்தி நடுவில் ரத்த ஓட்டம் குறையும். நாற்காலியோடு வரும் ரெக்சின் மெத்தையும் போதாது. நம் வெயிலுக்கு வியர்வை அதில் தேங்கித் தோல் ஊறிவிடும். தண்டுவட அடி உள்ளவருக்கு அழுத்தத்தைப் பரப்பும் காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ வேண்டும். அது இருந்தாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். நாற்காலிக்குப் பணம் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: மெத்தைக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: 2018-ல் கஜா புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி வந்தால் என்ன செய்வது?

ஐப்பசி பிறந்தால் தினமும் முழுச் சார்ஜ். நாற்காலி சார்ஜர் பெரிதாகக் கரண்ட் இழுக்காது, வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். லித்தியம் பேட்டரியைக் கழற்றி ஜெனரேட்டர் உள்ள வீட்டில் கொடுத்து ஏற்றி வாங்கலாம். ஜாய்ஸ்டிக்கைப் பாலிதீன் பையால் கட்டி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் நாற்காலியை இறக்காதீர்கள்; மோட்டார் கீழேதான் இருக்கிறது. கையால் தள்ளும் சாதா நாற்காலி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நீடாமங்கலத்திலிருந்து: அறுவடை வந்தால் ரோடு முழுக்க நெல். முன் சக்கரம் புதைந்து நின்றுவிடுகிறது. ரேஷன் கடைக்குக்கூடப் போக முடியவில்லை.

நெல் மட்டுமா? முன் சக்கரத்தின் அச்சில் வைக்கோல் சுற்றிக்கொண்டு இறுகும். வாரம் ஒரு தடவை கவிழ்த்துப் போட்டுச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

குறுக்கே, ஒரத்தநாட்டு விவசாயி: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். களம் எங்கே இருக்கிறது? ரோட்டில் போடாமல் எங்கே போடுவது?

அய்யா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். குறுவை நெல்லை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றவன்தான். ஆனால் ஒரு ஓரத்தில் நாலடி விடலாம்.

அதே விவசாயி: நாலடி விட்டால் பைக்காரன் அதில் வேகமாகப் போவான்.

திருவையாற்றிலிருந்து இன்னொருவர்: வீல்சேரை ஏன் ரோட்டில் ஓட்ட வேண்டும்? வீட்டில் ஆள் இருந்தால் கடைக்குப் போய் வரமாட்டார்களா?

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆள் இருந்தாலும் அவரே போகலாம். ரேஷன் கடை, டீக்கடை, சாவு வீடு, கல்யாண வீடு என்று ஒரு மனுஷன் ஊரில் போகும் இடமெல்லாம் அவருக்கும் உண்டு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்களுக்கு நாளைக்குக் கால் விழுந்தால் திண்ணையோடு இருந்துவிடுவீர்களா?

விவசாயி அய்யாவுக்கு: சண்டை உங்களோடு இல்லை. ஊருக்கு ஊர் களம் கேட்டு மனுக் கொடுத்தால் என் கையெழுத்தும் உண்டு. அதுவரை வீடுகள் இருக்கும் பக்கம் நாலடி விடுங்கள். நெல்லைச் சுற்றி வைக்கும் கல்லையும் முள்ளையும் வாரும்போது கையோடு எடுத்துவிடுங்கள். இருட்டில் அதில் ஏறினால் நாற்காலி சாயும், தண்டுவட அடி உள்ளவரால் எழுந்து உட்கார முடியாது.

அதே விவசாயி: கல்லை எடுத்துவிடுகிறோம். நாலடிக்கு ஊரில் பேசிப் பார்க்கிறேன்.

நல்லது அய்யா.

திருவாரூரிலிருந்து: எந்த வீல்சேர் வாங்கலாம் அண்ணே?

மன்னார்குடித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். அளவு இல்லாமல் பெயர் சொல்ல மாட்டேன்.

மயிலாடுதுறையிலிருந்து: ஆறு மாதமாகச் சார்ஜ் போடவில்லை, பேட்டரி...

திருத்துறைப்பூண்டிக்குச் சொன்ன பதில்தான். சார்ஜ் போடுங்கள், தயவுசெய்து.

தஞ்சாவூரிலிருந்து: அரசு இலவசமாகத் தருகிறதா?

தருகிறது. தசைச்சிதைவு, தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரி நாற்காலி தரும் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையோடு (UDID) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்; திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனுவிலேயே உங்கள் இடுப்பு அளவை எழுதுங்கள்.

காரைக்காலிலிருந்து: திருச்சியிலிருந்து விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா?

விடுவார்கள். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் 300 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 288, தப்பித்தது. 20 என்றால் 480, ஏற்ற மாட்டார்கள்.

வலங்கைமானிலிருந்து: கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர் போனையாவது பயன்படுத்த முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டு போனில் கேமரா ஸ்விட்சஸ் என்ற வசதி இருக்கிறது. புருவத்தை உயர்த்தினால் அடுத்தது, வாயைத் திறந்தால் தேர்வு என்று நாமே வைத்துக்கொள்ளலாம். தலையசைவிலும் தாடையிலும் ஓடும் நாற்காலிகளும் உண்டு, விலைதான் அதிகம்.

பாபநாசத்திலிருந்து: வாசலில் மூன்று படி. சாய்தளம் எப்படிக் கட்டுவது?

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படியும் ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம் வரும். வாசலில் இடம் இல்லாவிட்டால் நடுவில் ஐந்தடிச் சதுர மேடை வைத்துத் திருப்புங்கள், இல்லாவிட்டால் கொல்லைப்பக்கம் பாருங்கள், அங்கே பல வீடுகளில் ஒரே படிதான். ஓரத்தில் இரண்டு அங்குலக் கட்டை எழுப்பச் சொல்லுங்கள், சக்கரம் நழுவாது. கொத்தனார் வழவழப்பாகத்தான் பூசப் பார்ப்பார். ஈரம் காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.