ஹெல்த் அண்ட் சோஷல் கெயர் பட்டப்படிப்பு – கடிதம்

வணக்கம்,

நான் லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். வயது 41. யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் வரை படித்தேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் கெயர் அசிஸ்டன்ட் வேலை, லெவல் 3 டிப்ளோமா முடித்திருக்கிறேன். பிரித்தானியக் குடியுரிமை உண்டு. பிள்ளைகள் இருவர், 13 வயதும் 9 வயதும். அண்மையில் ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். ஹெல்த் அண்ட் சோஷல் கெயர் டிகிரி, அடித்தள ஆண்டோடு சேர்த்து நான்கு வருடம், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வகுப்பு, லோன் எல்லாம் தானே எடுத்துத் தருவேன், முடித்தால் நேர்ஸாகவோ சோஷல் வேர்க்கராகவோ ஆகலாம் என்கிறார். ஆங்கிலம் பேச்சுக்குக் காணும், எழுத்துக்குத்தான் பயம். சேரலாமா? சேர்ந்தால் எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஏஜென்ட் சொன்ன கடைசி வாக்கியம் பிழை. அதை நம்பிக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

ஹெல்த் அண்ட் சோஷல் கெயர் என்பது அறிவுத்துறைப் பட்டம். தொழில் பதிவு தரும் பட்டம் அல்ல. பதிவு பெற்ற நேர்ஸ் ஆக வேண்டுமென்றால் நேர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. அங்கீகரித்த படிப்பை முடிக்க வேண்டும். அதில் 2,300 மணி நேரம் வகுப்பு, 2,300 மணி நேரம் வார்டிலும் சமூகத்திலும் பயிற்சி. இங்கிலாந்தில் சோஷல் வேர்க்கர் ஆக, சோஷல் வேர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பு தேவை, அதற்கு 200 நாள் நடைமுறைப் பயிற்சி உண்டு. ‘பதிவு பெற்ற நேர்ஸ்’, ‘சோஷல் வேர்க்கர்’ என்ற இந்த இரண்டு பெயர்களையும் பதிவில்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். நீங்கள் சொல்லும் டிகிரியில் எத்தனை நல்ல மதிப்பெண் எடுத்தாலும் இந்தப் பதிவுகளில் எதுவும் வராது. அதன் பிறகு இரண்டு வருட மாஸ்டர்ஸ் படித்துச் சோஷல் வேர்க்குக்குப் போகலாம், அது உண்மைதான். அப்படியானால் மொத்தம் ஆறு வருடம் என்று கணக்குப் போடுங்கள், நான்கு அல்ல.

அடுத்தது அந்த இரண்டு நாள் கணக்கு. இங்கே முழுநேரப் பட்டத்தின் ஒரு வருடம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பொது அளவு. ஆக வருடத்துக்கு 1,200 மணி நேரம். முப்பது கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு நாற்பது மணி நேரம். இரண்டு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பில் இருந்தாலும், மீதி இருபத்தெட்டு மணி நேரம் வீட்டில் வாசிக்கவும் எழுதவும் வேண்டும். முழுநேரக் கெயர் வேலையோடு, இரவு ஷிஃப்டோடு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு அந்த இருபத்தெட்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்தப் படிப்பைப் பாதியில் விடுபவர்களில் பலர் மூளை போதாமல் விடுவதில்லை, நேரம் போதாமல் விடுகிறார்கள்.

லோன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025–26இல் இங்கிலாந்தில் இளங்கலை முழுநேரக் கட்டணத்தின் உச்சவரம்பு வருடத்துக்கு 9,535 பவுண். இப்போது தொடங்குபவர்களுக்கு ‘பிளான் 5’ விதி பொருந்தும். வருடச் சம்பளம் 25,000 பவுணுக்கு மேல் போகும் தொகையில் 9 வீதம் பிடிப்பார்கள், 40 வருடம் வரை. இதைவிட முக்கியமானது, கட்டண லோனுக்கு உங்களுக்கு இருக்கும் உரிமை எல்லையற்றது அல்ல. படிப்பின் நீளம், கூட ஒரு வருடம், அதிலிருந்து முன்பு படித்த வருடங்களைக் கழிப்பார்கள். விருப்பமில்லாத படிப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தால், பிறகு விரும்பிய படிப்புக்குப் போகும்போது அந்த இரண்டு வருடமும் குறுக்கே நிற்கும். வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வாழ்க்கைச் செலவுக்கான பராமரிப்பு லோன் வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் படிப்பில் இருப்பதைக் கல்லூரி உறுதி செய்தால்தான் பணம் வரும். படிக்காமல் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதுவும் ஏஜென்டிடம் அல்ல, உங்களிடம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு தனியார் கல்லூரி பாடம் நடத்தும் முறை இங்கே பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மாணவர் கடன் முறைகேடு நடப்பதைப் பற்றி நாட்டின் தணிக்கை அலுவலகம் 2024 ஜனவரியில் அறிக்கையே வெளியிட்டது. எல்லா இடமும் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பட்டம் தருவது யார், பாடம் நடத்துவது யார், இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் மாணவர் கதி என்ன என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டுக்குக் கல்லூரி கமிஷன் கொடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பத்தில் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டிய பகுதியை அவர் எழுதித் தர விடாதீர்கள். நீங்கள் செய்துவரும் வேலையை விடப் பலமான பதில் அதற்கு இல்லை.

சரி, எதைப் படிப்பது? நேர்சிங்தான் ஆசை என்றால் நேரே நேர்சிங்குக்குப் போங்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும், நம் ஓ லெவல் போன்ற ஜி.சி.எஸ்.ஈ. தேர்வில் கிரேட் 4 அல்லது அதற்கு ஈடாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 கேட்பார்கள். வேலையிடத்தில் முடித்த லெவல் 3 டிப்ளோமா மட்டும் பல இடங்களில் போதாது. பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஒரு வருட ‘அக்சஸ்’ டிப்ளோமாவை உள்ளூர்க் கல்லூரியில் செய்தால் கதவு திறக்கும். நேர்சிங் மாணவருக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத 5,000 பவுண் வருடந்தோறும் கிடைக்கும், 15 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மேலும் 2,000. ஹெல்த் அண்ட் சோஷல் கெயர் மாணவருக்கு இவை கிடையாது. நேர்ஸுக்குத் துணையாக வேலை செய்பவர் நேர்சிங் அசோசியேட். சம்பளத்தோடு படிக்கும் இரண்டு வருட நேர்சிங் அசோசியேட் பயிற்சியும் இங்கிலாந்தில் உண்டு. அதை முடித்தால் என்.எம்.சி. பதிவும் வரும், பிறகு நேர்ஸாக மேலே படிக்கலாம். கெயர் ஹோம் மனேஜர் ஆவதுதான் ஆசை என்றால் பட்டமே தேவையில்லை. வயது வந்தோர் பராமரிப்பில் லெவல் 5 தலைமைத்துவ டிப்ளோமாவைத்தான் பொதுவாகக் கேட்கிறார்கள், அதை வேலையில் இருந்தபடியே முடிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஹெல்த் அண்ட் சோஷல் கெயர்தான் படிப்பேன் என்றால் மகிழ்ச்சியோடு படியுங்கள். அது வீண் படிப்பு அல்ல. கெயர் கோ-ஓடினேட்டர், உள்ளூர்க் கவுன்சிலின் வீட்டுவசதி உதவி, டொக்டர் அனுப்பும் நோயாளியைச் சமூக உதவிகளோடு இணைக்கும் லிங்க் வேர்க்கர் போன்ற வேலைகளுக்கு அது நல்ல அடித்தளம். இரண்டு நாள் வகுப்பு என்ற ஆசையை விட்டுவிட்டு, திறந்த பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக ஆறு வருடத்தில் முடிப்பதை யோசியுங்கள்.

உள்ளே போனால் முதலில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பது யார், முடிவெடுப்பது யார்? 1948 ஜூலை 5ஆம் தேதி தொடங்கிய அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது கவுன்சிலின் பொறுப்பு, அதற்கு வருமானமும் சொத்தும் பார்க்கப்படும். இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பெரும்பாலும் முழுச் செலவும் பராமரிப்புப் பெறுபவருடையதுதான். புற்றுநோய் வந்தவருக்கு ஒரு விதி, மறதி நோய் வந்தவருக்கு இன்னொரு விதி என்று குடும்பங்கள் அழுவது என்.எச்.எஸ். சிகிச்சைக்கும் கவுன்சில் பராமரிப்புக்கும் இடையிலான இந்தக் கோட்டினால்தான். 2014 கெயர் சட்டமும், கொள்கைப் பாடங்களும், ஏற்றத்தாழ்வைப் பற்றிய பாடங்களும் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் வரும்.

எழுத்துப் பயத்துக்கு வருகிறேன். கெயர் வேலையில் இருந்து வருபவர்கள் மதிப்பெண் இழப்பது ஆங்கிலத்தால் மட்டும் அல்ல. நடந்ததைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். “அம்மா குளிக்க மறுத்தார், அன்பாகப் பேசிக் குளிக்க வைத்தேன்” என்பது ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதும் குறிப்பு. கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும். மறுத்தது குளிருக்கா, ஆளைத் தூக்கும் ஹொய்ஸ்ட் கருவிக்குப் பயந்தா, ஆண் ஊழியர் வந்ததாலா? அந்த நேரத்தில், அந்த ஒரு முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இருந்ததா? 2005 மனத்திறன் சட்டப்படி தகவலைப் புரிந்துகொள்வது, நினைவில் வைத்திருப்பது, எடைபோட்டுப் பார்ப்பது, முடிவைத் தெரிவிப்பது ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். திறன் இருந்து மறுத்திருந்தால், ‘அன்பாகப் பேசி’ என்பது வற்புறுத்தலா என்று உங்களையே கேட்க வேண்டும்.

நம் முதியவர்களை வைத்தே இதை எழுதலாம். மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற ஆங்கிலம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியவர்கள் பலர். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று எழுதிவிட முடியாது. முடிவெடுக்கச் சாத்தியமான எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் இரண்டாவது கோட்பாடு. மொழிபெயர்ப்பாளர் அந்த உதவியில் அடங்குவார். பக்கத்தில் நின்று மகள் தலையாட்டுவது தாயின் சம்மதம் ஆகாது. துன்புறுத்தல் சந்தேகம் இருக்கும் இடத்தில் குடும்பத்தாரை மொழிபெயர்க்க விடுவது ஆபத்து. இப்படி ஒரு பத்தி எழுதக்கூடியவர் உங்கள் வகுப்பில் நீங்கள் மட்டுமாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் சட்டத்தின் பிரிவையோ ஆய்வையோ மேற்கோளாகக் காட்டுங்கள். இல்லத்தின் பெயரும் முதியவரின் பெயரும் ஓரிடத்திலும் வரக்கூடாது. இரகசியம் மீறினால் பல துறைகளில் அந்தக் கட்டுரையே தோல்வி.

தமிழில் எழுதிப் போனில் மொழிபெயர்த்து ஒப்படைக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களில் எழுத்துத் துணை நிலையம் இலவசமாக இருக்கும். முதல் கட்டுரையின் அரைகுறை வரைவோடு, ஒப்படைக்கும் நாளுக்கு மூன்று கிழமை முன்பே அங்கே போங்கள். கடைசி நாளில் போனால் எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்த முடியும், வாதத்தைத் திருத்த நேரம் இருக்காது.

இந்தக் கிழமை ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டாம். முதலில் உங்கள் மனேஜரிடம் நேர்சிங் அசோசியேட் பயிற்சிக்கு இல்லம் ஆதரவு தருமா என்று கேளுங்கள். பிறகு பக்கத்துக் கல்லூரிக்குப் போய் ஆங்கிலமும் கணிதமும் லெவல் 2 வகுப்புக்கு நிலை அறியும் தேர்வு எழுதுங்கள். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வகுப்பு இலவசம். நேர்சிங் வழியில் போனால் அந்த இரண்டு சான்றிதழும் உங்களுக்குத் தேவைப்படும், வேறு வழியில் போனாலும் கைகொடுக்கும்.

அன்புடன்.