கோடியக்கரைக்குக் காலையிலேயே போங்கள்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு நாகப்பட்டினத்தில் தங்கி, அங்கிருந்து காரில் கோடியக்கரை போக இருக்கிறோம். எனக்குக் கடற்கரைப் பறவைகளைப் பார்க்க ஆசை. எட்டாவது படிக்கும் மகளுக்குக் கலங்கரை விளக்கம். ஒரே நாளில் இரண்டும் முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் காலையைப் பறவைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேதாரண்யம் வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம். இருட்டோடு கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் சதுப்பில் கானல் ஆடும். தொலைநோக்கியில் எந்தப் பறவையும் தெளியாது. வழியெல்லாம் கடல் தெரியும் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், வயல்களும் சவுக்குத் தோப்புகளும்தான் வரும். வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்கள். 1930-ல் ராஜாஜியின் தொண்டர்கள் உப்பெடுத்த மண் அது. நினைவுத்தூண் இருக்கிறது, இறங்கிக் காட்டுங்கள்.

ஜனவரி என்பது நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பிக் கிடக்கும். பூநாரைக்கு நெட்டைக் கால், அதற்குக் கவலையில்லை. கொசு உள்ளானுக்கோ தண்ணீர் வடிந்து சேறு வெளியே தெரிந்தால்தான் இரை, ஜனவரியில் அது தொடங்கிவிடும். முப்பது கிராம்கூடத் தேறாத குருவியளவுப் பறவை. ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றுப் புழுக்களில்தான் சேர்க்க வேண்டும். கை தட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளே இருந்தபடியே பாருங்கள். காருக்கு அவை அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கதவைத் திறந்து இறங்கினால்தான் எழும்பிவிடும். முனியப்பன் ஏரிப் பக்கம் எங்கே தண்ணீர் குறைந்திருக்கிறது என்று வனத்துறைக் காவலரிடம் கேளுங்கள். வெளிமான்களையும் அவரே காட்டுவார்.

மகளிடம் வரைபடத்தைக் கொடுங்கள். தெற்கே இறங்கிவரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. எதிரே யாழ்ப்பாணம், நடுவே ஆழமில்லாத கடல். கப்பலுக்கு இந்த முனையைக் காட்டியாக வேண்டும், அதனால் விளக்கு. இலங்கைக்குப் போகும் பறவைகளும் கடலைத் தாண்டுமுன் இந்த முனைக்குத்தான் வந்து சேர்கின்றன. அவளுடைய ஆசைக்கும் உங்களுடைய ஆசைக்கும் காரணம் ஒன்றே.

கலங்கரை விளக்கத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற அனுமதி உண்டா, எத்தனை மணிக்கு என்று போனதுமே விசாரித்துவிடுங்கள். சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய விளக்கின் செங்கல் எச்சமும் கரையில் உண்டு. 2004 சுனாமியில் நொறுங்கியது போக மிச்சம் கொஞ்சம்தான், ஆனாலும் அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மதியச் சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே கட்டி வாங்கிக்கொள்வது நல்லது.