ஸ்பெயின்ல ரெண்டாவது வீடு: நீங்க கேட்டதும் எனக்குத் தெரிஞ்சதும்

வணக்கம். சொந்த ஊர் தென்காசி, இருபது வருஷமா இங்கிலாந்துல இருக்கேன். 2019ல ஸ்பெயின்ல மாலகாவுக்குக் கிழக்க, டோர்ரே டெல் மார்னு ஒரு கடலோர ஊர்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கினோம். அதுக்கப்புறம் தெரிஞ்ச நாலு குடும்பத்துக்குக் கூடவே அலைஞ்சு வாங்கிக் குடுத்திருக்கேன், கமிஷன்லாம் ஒண்ணும் கிடையாது. நான் வக்கீல் இல்ல. ஸ்பெயின்ல மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும், நான் சொல்றது மாலகா இருக்கிற அந்தலூசியா மாநிலத்துக் கணக்கு.

ஹாரோவிலிருந்து: அக்கா, கையில 1,50,000 யூரோ இருக்கு. அதே விலைக்கு வீடு பாக்கலாமா, இல்ல மேல செலவு வருமா?

அதே விலைக்குப் பாத்தீங்கன்னா மாட்டிப்பீங்க தம்பி. பழைய வீடுன்னா பத்திரப் பதிவு வரி மாதிரி ஐடிபின்னு ஒண்ணு இருக்கு, அந்தலூசியால 7%, அதாவது 1,50,000க்கு 10,500. வக்கீல் வழக்கமா 1% கேப்பாங்க, அது மேல 21% வாட், அது ஒரு 1,815. நோட்டரி, ரிஜிஸ்ட்ரி ரெண்டும் சேத்து ஆயிரம் ஆயிரத்தைநூறு. ஆக மொத்தம் 14,000 தனியா எடுத்து வைங்க. புது வீடுன்னா ஐடிபி கிடையாது, அதுக்குப் பதிலா 10% வாட்டும் 1.2% முத்திரை வரியும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல வழிகாட்டி மதிப்பு இருக்குல்ல, அதே மாதிரி அங்க 2022 ஜனவரி முதல் 'வலோர் தெ ரெஃபெரென்சியா' வந்திருச்சு. நீங்க பேரம் பேசி கம்மி விலைக்கு வாங்கினாலும் அந்த மதிப்பு அதிகமா இருந்தா அதுக்குத்தான் வரி. விக்கிறவர் "கொஞ்சம் கறுப்புல குடு"ன்னு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க, நாளைக்கு நீங்க விக்கும்போது அந்தப் பணமும் உங்க லாபமாத்தான் கணக்காகும், வரி உங்க தலையில.

பர்மிங்ஹாமிலிருந்து: ஏஜெண்ட்டே ஒரு வக்கீலை வச்சுத் தர்றேங்கிறார், ஃபீஸும் கம்மி. தனியா வக்கீல் அவசியமா?

அவசியம். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் இவ்வளவும் எழுத உக்காந்தேன்னு வச்சுக்கோங்க.

ஏஜெண்ட்டுக்கு விக்கிறவர்தான் காசு குடுக்குறார், வியாபாரம் முடிஞ்சாத்தான் அவருக்குக் கமிஷன். அவர் கூட்டிட்டு வர்ற வக்கீல் அடுத்த மாசமும் அவர்கிட்ட இருந்துதான் கேஸ் எதிர்பாக்குறார், அப்ப உங்க வீட்டுல ஒரு குறை இருந்தா எந்த வாயால சொல்வார்? நாங்க பாத்த முதல் ஃப்ளாட்டுக்கு இதான் நடந்துச்சு. ஏஜெண்ட் குடுத்த வக்கீல் எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் கீழ லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருந்த காகிதத்தை ஃபோட்டோ எடுத்து ஸ்பானிஷ் தெரிஞ்ச ஃப்ரெண்டுக்கு அனுப்பினார். லிஃப்ட் மாத்துறதுக்கு வீட்டுக்கு 4,800 யூரோன்னு குடியிருப்போர் கூட்டத்துல முடிவு பண்ணின தீர்மானம் அது. அங்க அதை 'தெர்ராமா'ம்பாங்க. நாலு நாள்ல அட்வான்ஸ் கட்ட இருந்தோம், அன்னைக்கே விட்டுட்டு ஊருக்குத் திரும்பினோம்.

உங்க சொந்த வக்கீல் மூணு காகிதம் எடுக்கணும். முதல்ல 'நோட்டா சிம்ப்ளே', நம்ம ஊர் வில்லங்கச் சான்று மாதிரி, சொத்து யார் பேர்ல, அடமானம் இருக்கா, கோர்ட் தடை இருக்கான்னு வரும், பத்து யூரோ பக்கம்தான், நீங்களே ஆன்லைன்ல எடுக்கலாம். அப்புறம் அப்பார்ட்மெண்ட் நிர்வாகிகிட்ட இருந்து பாக்கி இல்லங்கிற சான்று, ஏன்னா பழைய ஓனர் வச்ச மெயின்டெனன்ஸ் பாக்கி நடப்பு வருஷமும் அதுக்கு முந்தின மூணு வருஷமும் வீட்டோட ஒட்டிக்கிட்டு உங்ககிட்ட வரும். மூணாவது, சொத்து வரி 'இபி' கட்டின ரசீது.

இதெல்லாம் பாத்த பிறகுதான் 'அர்ராஸ்', அதாவது 10% அட்வான்ஸ். 'அர்ராஸ் பெனிதென்சியாலெஸ்'னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தா, நீங்க பின்வாங்கினா பணம் போச்சு, விக்கிறவர் பின்வாங்கினா ரெண்டு மடங்கா திருப்பித் தரணும். நோட்டரி இருக்காரே, அவர் பாத்துக்க மாட்டாரான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அவர் அரசாங்கம் நியமிச்ச பொது ஆள், பத்திரத்தை வாசிச்சுக் காட்டுவார், சட்டப்படி இருக்கான்னு பாப்பார், அவ்வளவுதான். லிஃப்ட் பக்கத்துல ஒட்டின காகிதத்தை அவர் வந்து பாக்க மாட்டார். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியலன்னா கையெழுத்து அன்னைக்கு மொழிபெயர்ப்பாளரும் வேணும்.

விக்கிறவர் ஸ்பெயின்ல குடியிருக்காத ஆளா இருந்தா, கோஸ்டா தெல் சோல்னு சொல்ற இந்த மாலகா கடலோரத்துல நிறைய பேர் அப்படித்தான், விலையில 3% நீங்க பிடிச்சு ஒரு மாசத்துக்குள்ள 'மொடேலோ 211' ஃபாரத்துல வரி ஆபீசுக்குக் கட்டணும். மறந்தா அந்தப் பணம் உங்ககிட்ட இருந்துதான் வசூலாகும்.

சென்னை அண்ணா நகரிலிருந்து: 5 லட்சம் யூரோ போட்டு வாங்கினா கோல்டன் விசா கிடைக்கும்னு ஒரு கன்சல்டன்ட் சொல்றார். உண்மையா மேடம்?

ஸ்பெயின்ல இல்ல சார். வீடு வாங்கினா குடியிருக்க அனுமதி தர்றதுன்னு 2013ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்தை 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோட மூடிட்டாங்க. போர்ச்சுகல்லயும் 2023 அக்டோபர்ல வீடு வாங்கி விசாங்கிற வழியை எடுத்துட்டாங்க. கிரீஸ்ல இன்னும் இருக்கு, ஆனா ஏதென்ஸ், தெசலோனிக்கி, சான்டோரினி மாதிரி இடங்கள்ல 8 லட்சம், மத்த இடங்கள்ல 4 லட்சம்னு 2024லயே ஏத்தியாச்சு. இன்னைக்கும் ஸ்பெயின் கோல்டன் விசான்னு விக்கிறவர்கிட்ட ஒத்த ரூபா குடுக்காதீங்க.

வீடு இருந்தாலும் உங்களுக்கு ஷெங்கன் விசாதான், அதாவது ஸ்பெயின் உட்பட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவா குடுக்குற குறுகிய கால விசா. மூணு வருஷத்துல ரெண்டு விசா ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி தர்றாங்க, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம், இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல்ல வந்த விதி.

இந்தியாவுலேர்ந்து பணம் அனுப்புறது ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் திட்டம் வழியா, ஒரு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும். 10 லட்ச ரூபாய்க்கு மேல போற தொகைக்கு 20% டிசிஎஸ்னு வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க, வரிக் கணக்குல திரும்ப எடுத்துக்கலாம், ஆனா அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும், அதையும் கணக்குல வச்சு பட்ஜெட் போடுங்க. வாங்கின பிறகு வருமான வரி ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துக்கான 'ஷெட்யூல் எஃப்ஏ'ல கண்டிப்பா காட்டணும், விட்டா 10 லட்சம் அபராதம் வரைக்கும் போகும்.

சூரிச்சிலிருந்து: அக்கா, நானும் மனிசியும் சுவிஸ் குடியுரிமை. பென்சனுக்குப் பிறகு மலைப் பக்கம் காணியோட ஒரு வீடு எடுக்க விருப்பம், மாமரமும் நிக்குதாம். எடுக்கலாமோ?

அண்ணா, உங்க ஆசை எனக்கு நல்லாப் புரியுது. எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னால அந்த ஆக்ஸார்கியா மலைச்சரிவு முழுக்க மாவும் அவகாடோவும்தான், செப்டம்பர்ல ரோட்டோரமா பெட்டி பெட்டியா மாம்பழம் வச்சு விப்பாங்க, ஐரோப்பால இப்படி ஒரு இடம் இருக்கான்னு நான் முதல் தடவை கார்லயே அழுதுட்டேன். ஆனா காணியோட இருக்கிற வீட்டுலதான் ஆபத்து ஜாஸ்தி.

விவசாய நிலத்துல அனுமதி இல்லாம கட்டின வீடு அந்தலூசியால ஆயிரக்கணக்குல இருக்கு. நகராட்சி அனுமதி குடுத்தும் மாநில அரசு செல்லாதுன்ன கேஸ்கூட உண்டு, 2008 ஜனவரில அல்மேரியா மாகாணத்து வேரா ஊர்ல ஒரு வயசான பிரிட்டிஷ் தம்பதி வீட்டை அப்படித்தான் இடிச்சாங்க. அதனால பத்திரம் இருக்கு, கரண்ட் இருக்குன்னு நம்பாதீங்க. ஊர் நகராட்சில போய் இந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருக்கா, இல்லன்னா 'ஆஃபோ' சான்று இருக்கான்னு உங்க வக்கீல் கேக்கணும். ஆஃபோன்னா, அனுமதி இல்லாத வீடுதான் ஆனா இடிக்கிற காலக்கெடு தாண்டிருச்சு, இருக்கிறபடி இருக்கலாம், தண்ணி கரண்ட் எடுக்கலாம், ரிப்பேர் பண்ணலாம், ஒரு ரூம் கூட்டிக் கட்ட முடியாது. ஆஃபோவும் இல்லன்னா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்ணா.

அடுத்தது தண்ணி. லா வின்யுவேலா அணைதான் அந்தப் பக்கத்துக்கே உயிர், 2024 ஆரம்பத்துல அதுல 8%கூட தண்ணி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தோட்டத்துல இருபது வருஷ அவகாடோ மரத்தை எல்லாம் கழுத்து வரைக்கும் வெட்டிட்டு, அடித்தண்டுக்கு வெள்ளை அடிச்சு விட்டிருந்தார், உயிராவது மிஞ்சட்டும்னு. மறுவருஷம் மார்ச்ல நல்ல மழை பெஞ்சு அணை ஏறிச்சு. ஆனாலும் கிணறு இருக்குன்னா அது பதிவான கிணறான்னு கேளுங்க, பாசனத் தண்ணி உரிமை நிலத்தோட வருதான்னும் கேளுங்க.

நீங்க சுவிஸ் குடியுரிமைங்கிறதால 90 நாளுக்கு மேல தங்கக் கூடாதுங்கிற தொல்லை இல்ல, மூணு மாசத்துக்கு மேல இருந்தா பதிவு பண்ணிக்கணும். வருஷத்துல 183 நாளுக்கு மேல இருந்தா ஸ்பெயின் வரிக் குடிமகன் ஆயிருவீங்க, அதைப் பத்தி சூரிச்ல ஒரு வரி ஆலோசகர்கிட்ட முன்னாடியே பேசிருங்க.

மான்செஸ்டரிலிருந்து: நாங்க இல்லாத மாசம் ஏர்பிஎன்பில விட்டு இஎம்ஐ கட்டிரலாம்னு பிளான். சரிவருமா?

அந்தப் பிளான்ல வாங்காதீங்க. 2025 ஏப்ரல் 3லேர்ந்து புதுசா டூரிஸ்ட் வாடகைக்கு விடணும்னா அப்பார்ட்மெண்ட் ஓனர்கள்ல அஞ்சுல மூணு பங்கு சம்மதம் வேணும், நம்மள மாதிரி வெளிநாட்டு ஓனருக்கு யார் ஓட்டுப் போடுவா? ஜூலை 2025 முதல் தேசியப் பதிவு எண் இல்லாம விளம்பரமே போட முடியாது. பார்சிலோனா 2028க்குள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட டூரிஸ்ட் ஃப்ளாட் லைசென்ஸையும் நிறுத்தப் போறாங்க. அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு வாடகை கட்டுப்படியாகல, 2024ல மாலகாவுல தெருவுல இறங்கிப் போராடினாங்க, அவங்க கோபம் நியாயமானதுதான்னு எனக்குப் படுது.

வாடகைக்கு விடாம சும்மா வச்சிருந்தாலும் வருஷா வருஷம் 'மொடேலோ 210' ஃபாரத்துல வரி கட்டணும். கதாஸ்த்ரோ மதிப்பு, அதாவது அரசாங்கச் சொத்துப் பதிவேட்டுல இருக்கிற மதிப்பு, 60,000ன்னா அதுல 1.1%, அதாவது 660 யூரோ வருமானம் வந்ததா வச்சுக்கிட்டு 24% போடுவாங்க, 158 யூரோ சொச்சம். சில ஊர்ல 1.1%க்குப் பதிலா 2%. ஐரோப்பிய யூனியன்ல குடியிருக்கிறவங்களுக்கு 24% இல்ல, 19%தான். கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும் இருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா போடணும், இதை நிறைய பேர் தெரியாமயே விட்டுடறாங்க.

ஸ்லவ்விலிருந்து: பிரிட்டிஷ் பாஸ்போர்ட். குளிர்காலம் முழுக்க அங்கயே இருக்கலாமா?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான், ஷெங்கன் முழுக்கச் சேத்து, பாரிஸ்ல மச்சான் வீட்டுக்குப் போன நாலு நாளும் இதுலதான் வரும். ஜனவரி 1லேர்ந்து மார்ச் 31 வரை இருந்தீங்கன்னா ஜூன் கடைசிலதான் திரும்ப உள்ள போகலாம். 2025 அக்டோபர்லேர்ந்து கைரேகை, ஃபோட்டோ வச்சு கம்ப்யூட்டர்ல நாள் எண்ணுற முறை வந்திருச்சு. அதுக்கு மேல இருக்கணும்னா வேலை பாக்காம இருக்கிற விசா ஒண்ணு இருக்கு, 2025 கணக்குப்படி மாசம் 2,400 யூரோ வருமானம் காட்டணும்.

குரோய்டனிலிருந்து: லண்டன்ல வாடகை வீடுதான். இங்க விலை கட்டுப்படியாகல, முதல்ல ஸ்பெயின்ல ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா என்ன?

வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்க. உலகத்துல எங்க ஒரு வீடு உங்க பேர்ல வந்தாலும் இங்கிலாந்துல முதல் வீடு வாங்குறவங்களுக்கு உண்டான ஸ்டாம்ப் ட்யூட்டி சலுகை போயிரும். அதோட ஸ்பெயின் வீட்டை வச்சுக்கிட்டே இங்க வாங்கினா 5% கூடுதல் வரி. முதல்ல இங்க ஒரு கூரை, அப்புறம் அங்க.

ஹாரோவிலிருந்து மறுபடி: நூறு சதவீத வரி வரப்போகுதுன்னு சொல்றாங்களே? பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கிறதும் கஷ்டமா?

2025 ஜனவரில பிரதமர் சாஞ்செஸ் அறிவிச்சார், ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருக்கிறவங்க வாங்கினா 100% வரைக்கும் வரின்னு. சட்டமாகணும்னா பார்லிமெண்ட்ல ஜெயிக்கணும், அவர் கட்சிக்குத் தனி மெஜாரிட்டி இல்ல. கையெழுத்துக்கு முன்னால அன்னைய நிலவரத்தை வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. பிள்ளைங்க விஷயத்துக்கு ஸ்பெயின்லயே ஒரு உயில் எழுதி, உங்க குடியுரிமை நாட்டுச் சட்டம்தான் செல்லும்னு ஒரு வரி சேருங்க, 2015 ஆகஸ்ட்லேர்ந்து அதுக்கு உரிமை இருக்கு. அந்தலூசியால பிள்ளைக்கு ஆளுக்கு 10 லட்சம் யூரோ வரைக்கும் வாரிசு வரி இல்ல.

லெஸ்டரிலிருந்து: வீடு பாக்க எந்த மாசம் போகலாம்க்கா?

எல்லாரும் ஜூன்ல போறாங்க, வெயில்ல எல்லா வீடும் அழகு. நீங்க ஜனவரில போங்க. அங்க பழைய வீட்டுல ஹீட்டிங் கிடையாது, தரை டைல்ஸ், கடல் காத்து, வெளிய 16 டிகிரி இருக்கும்போது உள்ள அதைவிடக் குளிரும். எங்க வீட்டுக்கு முதல் ஜனவரி போனப்ப அலமாரில வச்சிருந்த பருத்திப் புடவை மடிப்புல பச்சைப் பூசணம், பெட்ஷீட்ல ஈர வாடை, மூணு நாள் வெயில்ல போட்டும் போகல. தெக்குப் பாத்த பால்கனியா இருந்தா வெயில் ஹால் வரைக்கும் வரும், வடக்குப் பாத்ததுன்னா மார்ச் வரைக்கும் ஈரம்தான். அலமாரிக் கதவைத் திறந்து மூக்கை உள்ள விட்டு மோந்து பாருங்க, கட்டிலை நகத்தி வெளிச்சுவர் அடில புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கான்னு பாருங்க. ஏஜெண்ட் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.