செடி வாடினால் ஆணி புதைக்காதீர்கள்

மாடித் தொட்டியில் கத்தரி பகலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவா? (தண்டையார்பேட்டை)

இல்லை. இரும்பு குறைந்தால் கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், செடி துவளாது. தொட்டியில் தண்ணீர் தேங்கவில்லை என்றால் ரால்ஸ்டோனியா என்ற மண் பாக்டீரியாவைச் சந்தேகப்படுங்கள். அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி நூலில் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் இழை மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. செடியை மண்ணோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மக்குத் தொட்டியில் போடாதீர்கள். அடுத்த முறை சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று வாங்குங்கள்.

செடி வாடுது, என்ன போடலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? என்ன செடி, தொட்டியா தரையா, போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா, முதலில் வாடியது கொழுந்தா அடி இலையா? எழுதுங்கள். அதுவரை ஒன்றும் போடாதீர்கள்.

தக்காளித் தொட்டிகளில் துருப்பிடித்த ஆணி புதைத்திருக்கிறேன். வாரம் ஒரு ஸ்பூன் அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட், கரையும் இரும்பு உப்பு) போடுகிறேன், சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் ஊற்றுகிறேன். மூன்றும் செய்தும் வாடல் நிற்கவில்லையே? (வியாசர்பாடி)

மூன்றும் செய்ததுதான் கோளாறு. இந்த ஆணி வைத்தியம் யார் கிளப்பிவிட்டதோ, கடிதத்துக்குக் கடிதம் வருகிறது.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு அதுதான். கரையாமல் கிடப்பதுதான் தொல்லை. பி.எச். (மண்ணின் புளிப்பு-கார அளவு) ஒரு புள்ளி ஏறினால் கரைந்த ஃபெரிக் (துரு வகை) இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். உப்புப் போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்தப் பி.எச். ஏறிக்கொண்டே போகும். ஆணியிலிருந்து வரும் துருவும் அதே கரையாத இரும்புதான். குழாயடியில் செம்பழுப்பாகப் படிகிறதே, அதைச் செடி உறிஞ்சுமா?

பாக்டீரியாவுக்கும் இதே தட்டுப்பாடு உண்டு. அது சைடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறை வெளியே அனுப்பி, இரும்பைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் ஊற்றும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் விடுவது மஞ்சள்பச்சையாக ஒளிரும் பையோவெர்டின். நோய்க்கிருமிக்கு முன்பாக இரும்பை அள்ளிக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆனால் இரும்பு தட்டுப்பட்டால்தான் அதைச் சுரக்கும். நீங்கள் போடும் அன்னபேதியால் கரைந்த இரும்பு தாராளமாகக் கிடைத்தால் ஃபர் என்ற புரதம் அந்த ஜீன்களை மூடிவிடும். ஒரு கையால் காவல்காரனை வைத்து, மறு கையால் அவனைத் தூங்க வைக்கிறீர்கள்.

அன்னபேதி கொழுந்து வெளுத்த செடிக்கு மட்டும்: லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம், சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மண்ணில்தான் இடவேண்டும் என்றால் கீலேட், அதாவது இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் சேர்மம். பி.எச். 6.5-ஐத் தாண்டினால் ஈ.டி.டி.ஏ. வகை பிடி விட்டுவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. வகை வாங்குங்கள்.

சூடோமோனாஸ் டால்க் பொடி ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கிய எருவில் கலந்து. தொட்டிக்கும் அதே கணக்கு: ஒரு கிலோ எருவுக்கு 50 கிராம். பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்துப் பிறகு கரையுங்கள். வாடல் பிடித்த செடியை இது எழுப்பாது. நடும்போதே இட வேண்டியது. முதலில் டம்ளர் சோதனை!

சூடோமோனாஸோடு காப்பர் ஆக்ஸிகுளோரைடு (செம்பு மருந்து) கலக்கலாமா? (பெரம்பூர்)

கூடாது. பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

சைடரோஃபோர் ஜீனை நீக்கினால் எந்தக் கிருமியும் நோய் உண்டாக்காது என்று ப்ராஜெக்டில் எழுதலாமா? (கல்லூரி மாணவி, ராயபுரம்)

எழுதாதீர்கள். ஆப்பிளில் தீக்கருகல் உண்டாக்கும் எர்வினியா அமிலோவோராவுக்கு டெஸ்ஃபெரியாக்ஸமின் என்ற சைடரோஃபோர் வேண்டும். தக்காளியில் சூடோமோனாஸ் சிரிஞ்சே (நீங்கள் ஊற்றும் நல்ல இனம் அல்ல, நோய் இனம்) பையோவெர்டின் இல்லாமலே நோய் உண்டாக்குகிறது. நெல்லில் இலைக்கருகல் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசேயில், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் 2010-இல் காட்டியபடி, சைடரோஃபோர் போனால் பெரிதாகக் கெடுவதில்லை. எளிதில் கரையும் ஃபெரஸ் இரும்பை இழுக்கும் ஃபியோபி புரதம் போனால்தான் வீரியம் இறங்குகிறது. கிருமிக்குக் கிருமி கதை வேறு.

நெல் இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்கிறது. இரும்பா, கருகலா? (பொன்னேரி)

காய்ந்த ஓரம் அலையலையாக இருந்து, விடியற்காலையில் இலைமேல் மஞ்சள் துளிகள் நின்றால் பாக்டீரியா இலைக்கருகல். யூரியாவை நிறுத்துங்கள், வயல் தண்ணீரை வடியுங்கள், நோய் வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். தண்ணீர் நிற்கும் வயலில் ஃபெரஸ் இரும்பு தானாகவே கரைந்து கிடக்கும். அங்கே அன்னபேதி வீண் செலவு.

உருளைக்கிழங்கு மூட்டையில் ஒன்று அழுகினால் மொத்தமும் கொழகொழவென்று நாறுகிறது. கழுவி வைத்தால் தப்புமா? (திருவொற்றியூர்)

கழுவினால் இன்னும் சீக்கிரம் போகும். ஈரப்படலம் படிந்த கிழங்குக்குக் காற்று கிடைக்காது, தற்காப்பும் தளரும். தோல் துளை வழியாகக் கிருமி இறங்கும். டிக்கேயா என்ற அழுகல் பாக்டீரியாவுக்கு உள்ளே இரும்பு போதாமல் போனால் ஃபர் பிடி தளர்ந்து, சைடரோஃபோரோடு பெக்டினை (செல்களை ஒட்டிவைக்கும் பசையை) அறுக்கும் நொதியும் சேர்ந்து கிளம்பும். கிழங்கு கூழாவது அதனால்தான். இன்னொரு அழுகல் பாக்டீரியாவான பெக்டோபாக்டீரியம், செடியின் இரும்பு கொண்ட ஃபெரடாக்ஸின் புரதத்தையே உள்ளே இழுத்து இரும்பைப் பிரித்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட, நசுங்கிய கிழங்கைப் பொறுக்கித் தனியே போடுங்கள். மீதியைச் சாக்கில் கட்டாமல் மரச்சட்டத்தில், காற்றோட்டத்தில், மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். அழுகல் வடிந்த சாக்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.