இரண்டு மணி நேர இடைவெளியில் செய்த வாழ்த்து அட்டைகள்

வீட்டில் ஒருவர் நெடுநாளாகப் படுக்கையில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நடுவே கிடைக்கும் சிறிய இடைவெளிகளில் கையால் வாழ்த்து அட்டை செய்து பழகலாமா, அது மனதுக்கு உண்மையிலேயே ஆறுதல் தருமா, தரும் என்றால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தரும் என்பதே என் பதில். கலைத்திறன் வெளிப்படுவதால்தான் ஆறுதல் கிடைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் வந்த வழி அதுவன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. அதன் பிறகு பதினான்கு மாதங்கள் அவர் படுக்கையிலேயே இருந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், இரவும் பகலும் என் நாள் இரண்டிரண்டு மணி நேரத் துண்டுகளாகிவிட்டது. அந்தத் துண்டுகளில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியை எடுத்தாலோ அந்த நோயைப் பற்றியே தேடி, எடுப்பதற்கு முன்பு இருந்ததைவிட அதிகக் கலக்கத்தோடு கீழே வைத்தேன். அக்கா மகளின் பிறந்த நாளுக்குப் போக முடியாத குறை உறுத்திக்கொண்டிருந்த ஓர் இரவில், மருந்துப் பெட்டியின் அட்டை ஒன்றை விரித்து, அதன் உட்புறத்தில் வண்ணத்தாளை வெட்டி ஒட்டி, அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். ஒரு பறவை என்று நினைத்துத்தான் வெட்டினேன்; அது மீனைப் போல வந்தது. அப்படியே அனுப்பினேன். பல வாரங்களுக்குப் பிறகு, நோயோடு தொடர்பில்லாத ஒன்றைப் பற்றி அன்றைக்குத்தான் முழுதாக இரண்டு மணி நேரம் நினைத்திருந்தேன் என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது.

பராமரிப்பு வேலையில் மனிதரை மிகவும் களைக்கச் செய்வது அதற்கு முடிவில்லாமை. இன்று மாற்றிய படுக்கை விரிப்பை நாளையும் மாற்ற வேண்டும், இன்று ஊட்டிய மருந்தை நாளையும் ஊட்ட வேண்டும். எதையும் செய்து முடித்தோம் என்ற நிறைவு கிடைப்பதில்லை. வாழ்த்து அட்டை அப்படியில்லை, அடுத்த முறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதற்குள் ஓர் அட்டை முடிந்துவிடும். முடிந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, படத்துண்டு ஒட்டுதல் போன்றவற்றில் ஈடுபடுத்திப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவரா இல்லாதவரா என்பது அதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அவர்கள் நலமாக இருந்த மனிதர்கள் என்பதால் அந்த முடிவை நம் போன்றவர்களின் நிலைக்கு அப்படியே பொருத்த மாட்டேன். இருந்தாலும், எனக்குப் படம் வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு அதில் ஒரு தைரியம் இருக்கிறது.

ஆனால் விரைவில் முடிகிற கைவேலைகள் எத்தனையோ உண்டு. வாழ்த்து அட்டைக்கு மட்டும் இருக்கிற தனித்தன்மை, அது தொடங்கும்போதே யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டுவிடுவதுதான். பெறுகிறவர் யாரென்று தெரியாமல் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. அவருக்குப் பச்சை பிடிக்குமா, கண்பார்வை குறைந்தவராயிற்றே எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டுமா, கடைசியாகப் பார்த்தபோது எதைப் பற்றிப் பேசினார் என்று மனம் தானாகவே அவரிடம் போய்விடுகிறது. நோயாளியின் கட்டிலைச் சுற்றியே சுருங்கிவிட்ட என் உலகத்துக்குள், ஓர் அட்டைக்கு ஒருவராக, மற்ற மனிதர்கள் மறுபடியும் வந்து சேர்ந்தார்கள். ஆறுதல் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது. அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பொருள்களை வாங்குவதற்கு முன்னால் ஐந்து பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். யாருக்கும் அனுப்பாமல் அழகான அட்டைகளாகச் செய்து பெட்டியில் அடுக்கி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் துன்பமான காலத்தில் இருக்கும் ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி செய்முறை. நாம் அச்சுக்குப் பயன்படுத்தும் சாதாரணத் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் உடையது. அதில் அட்டை செய்தால் நிற்காது. 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை கனமுள்ள தாள் வேண்டும். ஏ4 அளவுத் தாள் ஒன்றை நீளத்தின் நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால், 105க்கு 148 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். அவை சி6 என்ற அளவுள்ள உறைக்குள் சரியாக அமரும். உறை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அளவைத் தீர்மானிப்பது நல்லது. ஆசைப்பட்டுச் சதுரமாகச் செய்துவிட்டு, அதற்கான உறையையும் நானே செய்ய வேண்டியதாகி ஓர் இரவு முழுதும் வீணாகியிருக்கிறது.

புதிதாகச் செய்கிறவர்களை ஏமாற்றுவது மடிப்புதான். கனமான தாளை வெறும் கையால் மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து, உள்ளிருக்கும் வெள்ளை நார் வெளியே தெரியும். இதற்குக் காரணம் உண்டு. தாள் இயந்திரத்தில் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் தாள் இணங்கி வரும், குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து முரண்டு பிடிக்கும். வெட்டுவதற்கு முன்பு தாளை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமே மடிப்புக்கு உரியது. பிறகு அளவுகோலை வைத்து, மை தீர்ந்துபோன பந்துமுனைப் பேனாவால் மடிப்புக் கோட்டின் மேல் ஒரே சீராக அழுத்தி இழுக்க வேண்டும். கத்தி கூடாது, அது நாரை அறுத்துவிடும். பேனாவின் முனையிலிருக்கும் சிறிய உருண்டை தாளில் ஒரு மெல்லிய பள்ளத்தை உண்டாக்கும். அந்தப் பள்ளம் மடித்த பின் வெளிப்புறத்தில் இருக்கும்படி தாளை மடித்து, கரண்டிக் காம்பின் முதுகால் ஒரு முறை தேய்த்தால் மடிப்பு கத்தி விளிம்பு போல நிற்கும். இரவின் அமைதியில் அந்தப் பேனா தாளின் மேல் ஓடும் மெல்லிய உரசலைக் கேட்கும்போது என் தோள்கள் தளர்ந்து இறங்குவதை நானே உணர்ந்திருக்கிறேன்.

பசையைப் பொறுத்தவரை ஒன்றுதான். நீர் கலந்த பசை படும்போது தாளின் நார்கள் ஊறி அகலத்தில் பெருப்பதால் அட்டை நெளிந்துவிடும். மிக மெல்லிதாகத் தடவி, மேலே கனமான புத்தகத்தை வைக்க வேண்டும், இல்லையென்றால் இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் பயன்படுத்தலாம். செய்தித்தாள் துண்டுகள் பார்க்க அழகாக இருந்தாலும், மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளின் காரணமாகச் சில மாதங்களில் மஞ்சளித்துவிடும். உலர்ந்த பூக்களை ஒட்ட விரும்பினால் இதழ் மெல்லியதாக உள்ளவற்றை மை உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து, முதல் சில நாள்கள் தாளை மாற்றிக்கொண்டே இரண்டு மூன்று வாரம் அழுத்தி வையுங்கள். சதைப்பற்றுள்ள பூக்கள் பூசணம் பிடித்துவிடும். மற்ற நுணுக்கங்கள் எல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும்.

அழகழகாக அச்சிட்ட அட்டைகள் விற்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று உங்களைக் கேட்பவர்கள் இருப்பார்கள். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து அச்சிட்டதையே முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்தவே அந்த அச்சு அட்டை பிறந்தது. அதற்குக்கூட அன்று கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். நமக்கோ மிச்சப்படுத்த வேண்டிய நேரம் இல்லை, எப்படியாவது கடத்தியாக வேண்டிய நேரம்தான் இருக்கிறது. அதை ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

அட்டையின் முகப்பைவிட எனக்குக் கடினமாக இருந்தது உள்ளே எழுதுவதுதான். பிறந்த நாளுக்கு ஏதாவது எழுதிவிடலாம், இழப்பிலும் நோயிலும் இருப்பவருக்கு என்ன எழுதுவது? இதில் எனக்கு வழிகாட்டியது ஒரு மருத்துவ ஆய்வு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வினாலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தினாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே சென்ற பின் தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளில் 24 முறை சிறிய கடிதங்களை அனுப்பச் செய்தார். நீங்கள் இங்கிருந்து சென்று சில காலம் ஆயிற்று, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள், அவ்வளவுதான். அறிவுரையோ வற்புறுத்தலோ கிடையாது. 2001இல் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. இதைப் படித்த பிறகு தைரியமாக இரு, எல்லாம் நல்லதற்கே போன்ற வரிகளை நான் எழுதுவதை விட்டுவிட்டேன். உங்களை நினைத்துக்கொண்டேன், பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று எழுதி, அவரோடு தொடர்புடைய ஒரு சிறிய நினைவை ஒரே வரியில் சேர்க்கிறேன். ஒரு தோழிக்கு அவளுடைய தந்தை மறைந்த நான்காம் மாதத்தில் அப்படி ஓர் அட்டை அனுப்பினேன். முதல் வாரத்தில் எல்லோரும் வந்தார்கள், இப்போது வந்தது இது ஒன்றுதான் என்று அவள் எழுதியிருந்தாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டை செய்வது சிகிச்சை ஆகாது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். நானும் ஒரு கட்டத்தில் போனேன். அந்த வாரங்களில் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

நீங்கள் பார்த்துக்கொள்பவருக்கு ஓரளவு நினைவும் ஒரு கையும் இருக்குமானால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாவது மாதத்தில், அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு வண்ணத் தாள்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். இடது கையால் ஒன்றைத் தொடுவார். சித்திக்கு அனுப்ப வேண்டிய அட்டைக்கு, அம்மாவின் இடது கைக் கட்டைவிரலைச் சிவப்பு மையில் ஒற்றி, ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து முறை பதிக்கச் செய்தேன். முதல் இதழ் மை மிகுந்து ஒரு திட்டாக விழுந்தது. மூன்றாவதில் ரேகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. ஐந்தாவதில் மை தீர்ந்து வெளிறிப் பாதி விரல்தான் பதிந்திருந்தது. மறுபடி மை தொட வேண்டுமா என்று கேட்டபோது அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார், அந்தப் பூ அப்படியே போயிற்று. அம்மா மறைந்த பிறகு வந்திருந்த சித்தி, தன் கைப்பைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து, இதை நீயே வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். உங்களுக்காகச் செய்தது சித்தி, உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி, அந்த மூன்றாவது இதழை மட்டும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.