இலைகளின் நிறமாற்றமும் நவம்பர் மாத மறையுரையும்

இலையுதிர்காலத்தில் இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்றும், திருவழிபாட்டுக் காலங்களையொட்டி மறையுரை ஆற்றுபவர்கள் அதை எவ்வாறு எடுத்துரைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பங்குப்பணி செய்யும் குரு என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மேப்பிள் மரச்சாற்றிலிருந்து பாகு காய்ச்சும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் மரத்தைப் பற்றித் தவறாகச் சொன்னால், அதன்பின் நற்செய்தியைப் பற்றிச் சொல்வதற்கும் செவிகொடுக்க மாட்டார்கள். ஆகவே அறிவியலிலிருந்தே தொடங்குகிறேன்.

செப்டம்பரில் பகல் குறுகி, இரவில் குளிர் ஏறத் தொடங்கியதும், மரம் புதிதாகப் பச்சையம் உண்டாக்குவதைக் குறைத்துக்கொண்டு, இருப்பதையும் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் கணிசமான பங்கைத் தன் உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியவுடன், கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. சிவப்பு அப்படிப்பட்டதன்று. அந்தோசயனின் என்ற அந்த நிறமியை, இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு, கடைசி வாரங்களில்தான் மரம் புதிதாகச் செய்கிறது. நல்ல வெயிலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் சேரும் ஆண்டுகளில் சிவப்பு கூடுதலாக இருக்கும். மேப்பிள் இலையொன்றின்மேல் மற்றோர் இலை படிந்திருந்தால், நிழல் விழுந்த பகுதி மஞ்சளாகவும் வெயில் பட்ட பகுதி சிவப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

உதிரப்போகும் இலைக்காக மரம் ஏன் இவ்வளவு செலவு செய்ய வேண்டும்? சத்துகளை மீட்டெடுக்கும் நாள்களில் கடும் வெளிச்சம் இலையைக் கெடுத்துவிடாதபடி அந்தச் சிவப்பு காக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அசுவினி போன்ற பூச்சிகளுக்கு அது ஓர் எச்சரிக்கை என்பது உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் முன்வைத்த கருத்து. விவாதம் இன்னும் முடியவில்லை.

இனி மறையுரைக்கு வருகிறேன். இலை அழகாகச் சாகிறது, நாமும் அவ்வாறே சாக வேண்டும் என்று நவம்பரில் பலர் பேசுகிறார்கள். இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 2 அன்று, பிள்ளையை இழந்த ஒரு தாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. சாவை அழகுபடுத்திக் காட்டுவது நம் விசுவாசம் அன்று. மேலும், அங்கே மரம் சாகவும் இல்லை. காம்பின் அடியில் உருவாகும் பிரிபடலத்தில் இலை கழன்ற பிறகு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சிறிய தழும்பும், அதில் நீர்க்குழாய்கள் சென்ற தடமாக மூன்று புள்ளிகளும், தழும்புக்குச் சற்று மேலே இறுக மூடிய ஒரு மொட்டும் இருக்கும். அந்த மொட்டு இலை உதிர்ந்தபின் வந்ததன்று, கோடையிலேயே உருவாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நான் எடுத்துக்காட்டுவது இந்த மொட்டைத்தான்.

வாசகங்களும் இதற்கு இடம் தருகின்றன. மூன்றாண்டுச் சுழற்சியாக அமைந்த ஞாயிறு வாசகங்களின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறன்று மாற்கு 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. எங்கள் மரங்கள் மொட்டையாக நிற்கும் நவம்பர் நடுவில், அத்திமரம் தளிர்ப்பதைக் கண்டு கற்றுக்கொள்ளுமாறு இயேசு சொல்கிறார். அதே இரண்டாம் ஆண்டின் தொடக்கமான, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலோ, நாங்கள் அனைவரும் இலைபோல் வாடிப்போனோம், எங்கள் தீச்செயல்கள் எங்களைக் காற்றுபோல் அடித்துச் சென்றன என்று எசாயா 64 அறிக்கையிடுகிறது. அது பாவத்தைப் பற்றிய சொல். அதற்குள் மேப்பிளின் சிவப்பழகைக் கொண்டுவந்து மென்மையாக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருப்பலியில் குரு அணியும் திருவுடையின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் முடிச்சுப் போட வேண்டாம். மரங்கள் சிவக்கும் அக்டோபரிலும் பொதுக்காலத்தின் திருவுடை பச்சைதான்.

ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். தென் அரைக்கோளத்தில் உள்ள ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஏப்ரல், மே மாதங்களில் இலைகள் நிறம் மாறுகின்றன, அதாவது உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்தில். எனவே நவம்பருக்காக வட அரைக்கோளத்தில் எழுதப்பட்ட மறையுரையை அங்கே அப்படியே வாசிக்க இயலாது. தமிழ்நாட்டில் நவம்பர் வடகிழக்குப் பருவமழையின் மாதம். அங்கு இலையைக் காட்டிப் பேச விரும்புபவர், நாட்டு வாதுமையின் இலைகள் சிவந்து உதிரும் தை, மாசி மாதங்களில், தவக்காலத்தையொட்டிப் பேசலாம்.