வாரியம் விடும் கொசுவால்தான் டெங்கியா?
இல்லை. உங்கள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி தவறு. சிங்கப்பூரில் புளோக்கின் கீழே தேசியச் சுற்றுப்புற வாரியம் விடும் வொல்பாக்கியா கொசுக்கள் (வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடலில் கொண்டவை) ஆண்கள். ஆண் கொசு கடிக்காது. அவற்றோடு கூடும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் வகைப் பெண் கொசு இடும் முட்டையும் பொரிக்காது. திட்டம் தொடங்கியதே 2016ல்தான். 2013லேயே இங்கு 22,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது.

ஏடிஸ் அதிகமுள்ள பேட்டைகளில்தான் விடுகிறார்கள். அதனால் கொசுவும் நோயும் சேர்ந்தே கண்ணில் படும். சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சுவரில் உட்காரும் கொசுவைக் கண்ணாடிக் குவளையால் மூடி, கைப்பேசியில் பெரிதாக்கி அம்மாவுக்குக் காட்டுங்கள். உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருந்தால் ஆண், நூல்போல் மெலிந்திருந்தால் பெண்.

ஒன்று, இதை வைத்து வாரியம் விட்ட கொசுவா என்று சொல்ல முடியாது. வீட்டில் கடி தொடர்ந்தால், துணிக்கம்பு செருகும் குழாய்க்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பு இல்லாதபோது மூடி வையுங்கள்.